மிடற்றினுள் ஒளி பாய்ச்சிய மேதை மானுவேல் கார்சியா

எழுத்துகளின் பிறப்பினை ஆராயப் புகுந்த தொல்காப்பியர், உந்தியினின்று எழும் காற்று நெஞ்சிலும் மிடற்றிலும் தலையிலும் நிலைபெற்றுப் பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் ஆகியவற்றோடு பொருந்தி ஒலியாக வெளிப்படும் திறத்தைப் பிறப்பியலில் வகுத்துரைத்தார். அரபு மொழியின் முதல் அகராதி எனப் போற்றப்பெறும் கிதாபுல் ஐனை யாத்த கலீல் இப்னு அஹ்மத், 8ஆம் நூற்றாண்டில், எழுத்துகளை வழக்கமான நெடுங்கணக்கு வரிசையில் வைக்காமல், தொண்டையின் ஆழத்தில் பிறப்பனவற்றை முதலில் வைத்து இதழை நோக்கி நகருமாறு அடுக்கினார். நம் மதரஸாக்களில் ஓதப் பயிலும் சிறுவரும் தொண்டையில் பிறக்கும் எழுத்துகள் ஆறு என்பதையும், அவை தொண்டையின் மூன்று பகுதிகளில் இரண்டிரண்டாகப் பிறக்கும் என்பதையும் மனனம் செய்கின்றனர்.

இவ்வறிஞர் பெருமக்கள் அனைவரும் செவியாலும் தம் நாவின் உணர்வாலும் அறிந்து உரைத்தனரேயன்றிக் கண்ணால் கண்டு உரைத்தாரல்லர். நாவும் இதழும் கண்ணுக்குப் புலனாவன. மிடறோ இருட்டறை. அவ்விருட்டறையினுள் விளக்கேற்றிய பெருமை, தம் குரலை இழந்துவிட்ட ஒரு பாட்டாசிரியரைச் சாரும். அவரே மானுவேல் கார்சியா. 1805 முதல் 1906 வரை 101 ஆண்டுகள் வாழ்ந்த இப்பெருமகனை இசையுலகும் மருத்துவவுலகும் ஒருசேரத் தத்தமக்கு உரியவராகக் கொண்டாடுகின்றன. தமிழ்த்துறை மலரில் அவருக்கு என்ன இடம் என வினவுவார் உளராயின், நாள்தோறும் குரலையே முதலாகக் கொண்டு பிழைக்கும் ஆசிரியர் குலத்தார்க்கு அவர் உறவினரே என்பது நம் விடை.

பாட்டுக் குடும்பம்

மானுவேல் கார்சியா 1805ஆம் ஆண்டு மார்ச் 17ஆம் நாள் ஸ்பெயின் நாட்டில் பிறந்தார். தந்தையின் பெயரும் மானுவேல் கார்சியாவே. அவர் ஐரோப்பா முழுதும் புகழ்பெற்ற பாடகர். இத்தாலிய இசைமேதை ரோசினி இயற்றிய செவில் நகர நாவிதன் என்னும் இசைநாடகம் 1816இல் முதன்முதலாக அரங்கேறியபோது அல்மாவீவா என்னும் தலைமை வேடத்தில் பாடியவர் அவரே. தங்கையர் இருவரும் பாட்டரசியராக விளங்கினர். மூத்தவர் மரியா மாலிப்ரான், 28 வயதிலேயே மறைந்தும் ஒரு தலைமுறையையே மயக்கியவர். இளையவர் பொலீன் வியார்தோ. வீடே ஒரு பாட்டுப் பள்ளி. ஆயின், அப்பள்ளியின் தலைமையாசிரியராகிய தந்தை கண்டிப்பு மிக்கவர். நம் நாட்டுப் பழைய நாடகக் கம்பெனிகளின் வாத்தியார்களை நினைவூட்டுபவர் எனலாம்.

1825ஆம் ஆண்டு தந்தை தம் குடும்பத்தையே ஒரு நாடகக் குழுவாக்கிக் கொண்டு அட்லாண்டிக் கடலைக் கடந்து நியூயார்க் சென்றார். அந்நகரில் இத்தாலிய மொழி இசைநாடகம் முறையாக நடிக்கப்பெற்றது அதுவே முதன்முறை. அவ்வாண்டு நவம்பர் 29ஆம் நாள் பார்க் அரங்கில் அந்த நாவிதன் நாடகம் மேடையேறியது. தந்தை அல்மாவீவா, மகள் மரியா கதைத்தலைவி, 20 வயது மகன் நாவிதன் பிகாரோ. மகரக்கட்டு உடைந்து சில ஆண்டுகளே ஆகியிருந்த இளங்குரல் அது. ஒலிபெருக்கி இல்லாத காலத்தில், பேரரங்கின் கடைசி வரிசைக்கும் எட்டுமாறு, இசைக்குழுவின் முழக்கத்தையும் மீறி, இரவுதோறும் அக்குரல் உழைத்தது. தேயத் தொடங்கிற்று.

நம் பாய்ஸ் நாடகக் கம்பெனிகளில் மகரக்கட்டு உடைந்த சிறுவனின் நிலை யாதென மூத்தோர் அறிவர். நேற்றுவரை கைதட்டல் பெற்றவன், குரல் உடைந்த அன்றே கூட்டத்தில் ஒருவனாகிவிடுவான். கார்சியாவுக்கும் ஏறத்தாழ அதுவே நேர்ந்தது. 1829ஆம் ஆண்டளவில் அவர் மேடையைத் துறந்தார். பாடகர் குடும்பத்தில் பிறந்து, பாட்டைத் தவிர வேறு தொழில் அறியாத இளைஞனுக்கு 24 வயதில் குரல் போயிற்று. அவ்வயதில் தங்கை மரியாவின் புகழோ வானளாவ உயர்ந்து கொண்டிருந்தது. இத்துயரத்தின் அளவை நாம் கற்பனை செய்துதான் பார்க்க வேண்டும். அவர் அதனைப் பெரிதாக வெளியிட்டவரல்லர்.

1830இல் பிரெஞ்சுப் படை அல்ஜீரியாவைக் கைப்பற்றப் புறப்பட்டபோது அதனோடு சேர்ந்து சென்றார். (அப்படையெடுப்பால் அடிமைப்பட்ட அல்ஜீரிய மக்கள் 1962இல்தான் விடுதலை பெற்றனர். அது தனி வரலாறு.) திரும்பிய பின் பாரிஸ் நகரின் இராணுவ மருத்துவமனைகளில் பணிபுரிந்தார். அவர் வாழ்வு திசைமாறிய இடம் இதுவே என்பது நம் கருத்து. அங்கே மனித உடலின் அமைப்பைக் கற்றார்; குரல்வளையைக் கற்றார். கோழி, ஆடு, மாடு ஆகியவற்றின் குரல்வளைகளை வீட்டுக்குக் கொணர்ந்து, துருத்தியால் காற்றைச் செலுத்தி ஒலியெழுப்பிப் பார்த்தார் என்று அவர் வரலாறு எழுதியோர் குறிப்பிடுகின்றனர். தம் குரல் ஏன் போயிற்று என்னும் வினா, குரல் எவ்வாறு பிறக்கிறது என்னும் வினாவாக அவருள் வளர்ந்திருத்தல் வேண்டும்.

பின்னர்ப் பாட்டாசிரியராகப் பாரிஸில் அமர்ந்தார். 1840இல் மனிதக் குரலைப் பற்றிய தம் ஆய்வுரையைப் பிரெஞ்சு அறிவியற் கழகத்தின் முன் வைத்தார். பாட்டுக் கலையைப் பற்றிய அவரது பெருநூலின் முதற்பகுதி அக்காலத்திலும் இரண்டாம் பகுதி 1847இலும் வெளிவந்தன.

அவருடைய மாணாக்கருள் தலைசிறந்தவர் ஸ்வீடன் நாட்டு ஜென்னி லிண்ட். 1841இல் அப்பெண் அவரை நாடி வந்தபோது வயது 20. ஊரில் ஓயாது மேடையேறிப் பாடிப் பாடிக் குரல் நைந்து போயிருந்தது. கார்சியா சோதித்துப் பார்த்துவிட்டு, ஆறு வாரம் பாடவே கூடாது, பேச்சையும் இயன்றவரை குறைக்க வேண்டும், அதன் பின் வருக என்று அனுப்பிவிட்டார். மருந்தில்லை, மௌனமே மருந்து. ஆறு வாரம் கழித்து வந்த மாணவிக்கு மூச்சுவிடும் முறையிலிருந்து தொடங்கிப் பல திங்கள் பாடம் சொன்னார். அக்குரல் மீண்டது. பின்னாளில் ஐரோப்பாவும் அமெரிக்காவும் அவரை ஸ்வீடன் நாட்டு இராப்பாடி என்று புகழ்ந்தன. தமக்கு 20 வயதில் கிடைக்காத அறிவுரையை 20 வயதுப் பெண்ணுக்கு அவர் அளித்தார் என்பது நம் நெஞ்சைத் தொடும் செய்தியாகும்.

1848 முதல் இலண்டன் அரச இசைக் கழகத்தில் ஆசிரியராக அமர்ந்து 1895 வரை, தம் 90ஆம் வயது வரை, அங்கே கற்பித்தார்.

கண்ணாடியும் கதிரவனும்

1854ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம். விடுமுறைக்காகப் பாரிஸ் வந்திருந்த கார்சியா, பாலே ரோயால் தோட்டத்தில் உலவிக் கொண்டிருந்தார். உயிருள்ள மனிதனின் குரல்வளை பாடும்போது எவ்வாறு இயங்குகிறது எனக் காண முடியாதா என்னும் ஏக்கம் பல ஆண்டுகளாக அவர் உள்ளத்தில் கிடந்தது. அதுவரை ஆய்வாளர் அறுத்துப் பார்த்தவை இறந்தோரின் தொண்டைகளே. பிரெஞ்சு மருத்துவர் பெரேன் 1741இல் பிணங்களின் குரல்வளைகளில் காற்றூதி ஆராய்ந்து, குரல்நாண் என்னும் பெயரையும் இட்டிருந்தார். இலண்டனில் பாபிங்டன் என்பார் 1829இல் தொண்டையைப் பார்க்க ஒரு கண்ணாடிக் கருவி செய்தார். ஆயினும், பாடும் தொண்டையின் தொழிலைத் தெளிவாகக் கண்டு எழுதியவர் இலர்.

தோட்டத்தைச் சூழ்ந்த மாளிகைகளின் சாளரக் கண்ணாடியில் பட்டுத் தெறித்த கதிரவன் ஒளி அவர் கண்ணில் மின்னியது. அக்கணமே இரண்டு கண்ணாடிகள் தத்தம் இடத்தில் பொருந்தி நிற்கும் காட்சி அவர் மனக்கண்ணில் தோன்றிற்று. நேரே சாரியேர் என்னும் மருத்துவக் கருவிக் கடைக்குச் சென்றார். நீண்ட காம்பின் நுனியில் சிறு கண்ணாடி பொருத்திய பல்மருத்துவக் கருவி ஒன்று அங்கே கிடந்தது. 1851ஆம் ஆண்டு இலண்டன் பொருட்காட்சிக்கு அனுப்பப்பெற்று எவரும் மதியாது திரும்பிய சரக்கு அது. விலை ஆறு பிராங்கு. வாங்கிக் கொண்டு இல்லம் ஏகினார்.

சிறு கண்ணாடியை வெந்நீரில் தோய்த்துச் சூடேற்றித் துடைத்தார். இல்லாவிடில் மூச்சுக்காற்றின் ஈரம் படிந்து மங்கிவிடும். அதனைத் தொண்டையின் பின்புறம் உள்நாக்கில் படுமாறு வைத்தார். மறு கையில் பிடித்த கண்ணாடியால் கதிரவன் ஒளியை அதன்மேல் பாய்ச்சினார். ஒளி உட்சென்று கீழ்நோக்கி வளைந்தது. உட்காட்சி மேலெழுந்து கைக்கண்ணாடியில் தெரிந்தது. குரல்வளையின் வாய் அகலத் திறந்து கிடந்ததையும், அதன் கீழே காற்றுக்குழலின் ஒரு பகுதியையும் அவர் கண்டார். தொண்டையில் ஏதேனும் பட்டால் நம்மில் பலர்க்கும் குமட்டல் எடுக்கும். அவர் தொண்டை பொறுத்துக் கொண்டது. இல்லையேல் இவ்வரலாறே இல்லை.

மூச்சு இழுக்கும்போது முக்கோணமாக விரியும் வாயில், குரலெழுப்பத் தொடங்கிய அளவில் மூடிக் கொள்வதைக் கண்டார். வெண்ணிறமான இரு நாண்களும் நெருங்கிப் பொருந்துவதையும், சுரம் உயர உயர அவை நீண்டு இறுகுவதையும் கண்டார். குரல் என்பது வீணைத் தந்தியின் நாதம் போன்றதன்று. நாண்கள் விடாது மூடித் திறந்து காற்றைச் சிறுசிறு துணுக்குகளாக வெட்டி விடுவதால் எழுவது என்று அவர் துணிந்தார். தம் ஆய்வுகளை எழுதி 1855இல் இலண்டன் அரச கழகத்திற்கு அளித்தார். அறிவியலார் அவையில் ஒரு பாட்டு வாத்தியாரின் கட்டுரை! பெரிய ஆரவாரம் எதுவும் எழவில்லை.

ஆரவாரம் வியன்னாவில் எழுந்தது. 1857இல் அந்நகர மருத்துவர் டூர்க் நோயாளிகளின் தொண்டையைச் சிறு கண்ணாடியால் பார்க்க முயன்றார். அவரும் கதிரவனையே நம்பியிருந்தார். பனிக்காலம் வந்து வெயில் மறைந்ததும் கருவிகளை மூட்டை கட்டி வைத்துவிட்டார். செர்மாக் என்னும் உடலியல் பேராசிரியர் அக்கண்ணாடிகளை இரவல் வாங்கி, விளக்கொளியைக் குழியாடியால் குவித்துப் பாய்ச்சும் வழியைக் கண்டார். இனி இரவிலும் பனியிலும் தொண்டையைப் பார்க்கலாம். பின்னர் இருவரும் யார் முதல்வர் எனப் பல்லாண்டு பூசலிட்டனர். பெருமை உரியவரோ இலண்டனில் அமைதியாகச் சுரவரிசை கற்பித்துக் கொண்டிருந்தார். 1862இல் கோனிக்ஸ்பெர்க் பல்கலைக்கழகம் அவருக்கு மதிப்புறு மருத்துவப் பட்டம் அளித்து அக்கடனைத் தீர்த்தது.

அக்கண்ணாடி மருத்துவத்தில் ஒரு புதுத் துறையையே தோற்றுவித்தது. செர்மாக்கிடம் அதனைக் கற்ற மொரெல் மெக்கென்சி 1863இல் இலண்டனில் தொண்டை நோய்க்கெனத் தனி மருத்துவமனை கண்டார். 1887இல் ஜெர்மானிய இளவரசர் பிரெடெரிக்கின் குரல் கம்மியபோது அவரையே அழைத்தனர். கண்ணாடி கட்டியைக் காட்டியது. ஆயின் கிள்ளியெடுத்த துணுக்குகளைச் சோதித்ததில் புற்றுநோய் தென்படவில்லை. பேரரசராகிய பிரெடெரிக் 99 நாள்களே ஆண்டு, பேச்சிழந்த நிலையில் 1888 ஜூனில் அந்நோயாலேயே மடிந்தார். காண்பது வேறு, கண்டதை அறிவது வேறு என்பதை ஐரோப்பா கலக்கத்தோடு உணர்ந்தது.

1905 மார்ச் 17ஆம் நாள் கார்சியாவுக்கு நூறு ஆண்டு நிறைந்தது. அன்று காலை மன்னர் ஏழாம் எட்வர்டு அவரை அரண்மனைக்கு அழைத்துச் சிறப்பு விருது அளித்தார். ஸ்பெயின் மன்னர் விருது அனுப்பினார். ஜெர்மானியப் பேரரசர் இரண்டாம் வில்லியம் அறிவியலுக்கான பொற்பதக்கம் அனுப்பினார். தொண்டைப் புற்றால் மாண்ட பிரெடெரிக்கின் மகன் அவர். பல நாட்டு மருத்துவர்கள் இலண்டனில் கூடி வாழ்த்தினர். புகழ்பெற்ற ஓவியர் சார்ஜென்ட் தீட்டிய உருவப்படம் அவருக்குப் பரிசாக வழங்கப்பெற்றது. அடுத்த ஆண்டு ஜூலை முதல் நாள் இலண்டனில் அவர் காலமானார்.

கண்ணாடி காட்டாதது

கார்சியாவின் கண்ணாடி நாண்கள் கூடுவதையும் பிரிவதையும் காட்டிற்று. அவை அதிர்வதைக் காட்டவில்லை. காரணம் விரைவு. ஆடவர் பேசும்போது குரல்நாண்கள் நொடிக்கு ஏறத்தாழ 100 முறையும், மகளிர் பேசும்போது 200 முறையும் மூடித் திறக்கின்றன. உச்சத்தாயியில் பாடும் பெண்குரலில் இது 1000ஐயும் எட்டும். மனிதக் கண்ணுக்கு அது வெறும் மங்கல். நாண்கள் காற்றைத் துணுக்குகளாக வெட்டுகின்றன என்று கார்சியா சொன்னது கண்டு சொன்னதன்று, கண்டதிலிருந்து உய்த்துணர்ந்தது.

1878இல் மியூனிக் நகர மருத்துவர் எர்ட்டல் ஓர் உபாயம் கண்டார். துளையிட்ட வட்டத்தகட்டைச் சுழற்றி ஒளியை விட்டுவிட்டுப் பாய்ச்சினார். ஒளி மின்னும் வேகமும் நாண்கள் அதிரும் வேகமும் ஒத்திருந்தால் நாண்கள் அசையாது நிற்பனபோல் தோன்றும். சற்றே மாறுபட்டால் மெல்ல அசைவனபோல் தோன்றும். திரைப்படத்தில் வண்டிச் சக்கரம் பின்னோக்கிச் சுழல்வதாகத் தோன்றுவதும் இவ்வகையே. ஸ்ட்ரோபோஸ்கோப் எனப்படும் இம்முறை இன்றும் குரல் மருத்துவரின் அன்றாடக் கருவியாகும். எனினும் அது காட்டுவது ஒரே அதிர்வை அன்று. பல அதிர்வுகளில் இருந்து ஒவ்வொரு துணுக்கை எடுத்து ஒட்டிய தோற்றத்தையே. அதிர்வு ஒழுங்காக இருந்தால் ஒட்டு தெரியாது. கம்மிய குரலில் அதிர்வு தாறுமாறாக இருக்கும். அங்கே இம்முறை தடுமாறும். நோயாளிக்கு எப்போது மிகவும் தேவையோ அப்போதே கைவிடுவது இதன் குறை.

1930களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தார், தொலைபேசிக் குழுமத்தினராதலின் குரலில் அக்கறை கொண்டவர்கள், நொடிக்கு 4000 படம் எடுக்கும் ஒளிப்படக் கருவியைத் தொண்டைக் கண்ணாடியோடு இணைத்தனர். அம்முயற்சியைப் பற்றி பார்ன்ஸ்வொர்த் 1940இல் எழுதினார். ஒரு நொடிக் குரலை நொடிக்கு 16 படமாகத் திரையிட்டால் 250 நொடி, அதாவது நான்கு நிமிடத்துக்கும் மேல், ஓடும். நாண்கள் ஒரே சீராக மூடுவதில்லை, அடிவிளிம்பு முந்தியும் மேல்விளிம்பு பிந்தியும் சேர்ந்து அலைபோல் புரளுகின்றன என்பது அத்தகைய படங்களில் தெளிவாகக் காணக் கிடைத்தது. கார்சியா உய்த்துணர்ந்த காற்றுத் துணுக்குகளும் கண்கூடாயின.

1950இல் பிரெஞ்சு ஆய்வாளர் உய்சோன், ஒவ்வோர் அதிர்வையும் மூளையே நரம்பு வழி ஆணையிட்டு நிகழ்த்துகிறது என்றொரு கொள்கையை முன்வைத்துப் பெரும் வாதம் எழுப்பினார். நெதர்லாந்தின் வான் டென் பெர்க் 1958இல் வகுத்த விளக்கமோ, நாண்களை இறுக்குவது தசை, அதிரச் செய்வது காற்று என்றது. இவ்விளக்கமே நிலைபெற்றது. உந்தியில் இருந்து எழும் வளியை முதற்காரணமாக்கிய தொல்காப்பியரை எண்ணி இவ்விடத்தில் நாம் பெருமிதம் கொள்ளலாம். ஆயினும் அவர் இதையெல்லாம் அன்றே கண்டார் என்று மேடையில் முழங்குவது அவருக்கும் நன்மையன்று, அறிவியலுக்கும் நன்மையன்று.

1990களில் படச்சுருள் போய் மின்னணுக் கருவி வந்தது. 1996இல் ஸ்வெக், ஷூட்டே என்னும் இருவர் நாண்களின் குறுக்கே ஒரே கோட்டை மட்டும் நொடிக்கு 8000 முறை அளவில் படமெடுக்கும் எளிய முறையை வெளியிட்டனர். நொடிக்குப் பல்லாயிரம் படம் எடுக்கும் கருவிகள் இன்று ஆய்வுக்கூடங்களில் உள்ளன. நம் நாட்டில் மைசூரில் 1965இல் நிறுவப்பெற்ற அகில இந்தியப் பேச்சு மற்றும் கேட்டல் நிறுவனம் குரல் குறைபாடுகளைப் பற்றிய கல்விக்கும் மருத்துவத்துக்கும் முதன்மையான இடமாகும்.

முத்தாபுதுப்பேட்டையில் வகுப்பெடுக்கும் நமக்கு இதனால் ஆவதென்ன? ஒரு கணக்குப் பார்ப்போம். 45 நிமிட வகுப்பில் பாதி நேரமே குரல் ஒலிப்பதாகக் கொண்டாலும், ஓர் ஆசிரியரின் குரல்நாண்கள் 1,35,000 முறை ஒன்றோடொன்று மோதுகின்றன. ஆசிரியையாயின் 2,70,000 முறை. விசிறியின் இரைச்சலையும் கடைசி இருக்கையின் சலசலப்பையும் மீறிக் கத்தும்போது மோதல் இன்னும் வலுக்கிறது. காய்ப்பேறிய உள்ளங்கை போல நாண்களில் சிறு முடிச்சுகள் தோன்றுகின்றன. முடிச்சு இருந்தால் நாண்கள் முழுதும் பொருந்தா, காற்று ஒழுகும், குரல் கம்மும். ஆசிரியர், பாடகர், பிலால், மேடைப் பேச்சாளர், சந்தையில் கூவி விற்போர் எவர்க்கும் இது பொது. பெரும்பாலும் தொடக்கத்தில் கத்தி தேவையில்லை. ஓய்வும் பயிற்சியுமே போதும். மூன்று வாரத்துக்கு மேல் கம்மல் நீடித்தால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டி உள்ளே பார்க்கச் செய்தல் வேண்டும். கற்கண்டும் மிளகும் சுவைத்துக் கொண்டே ஓராண்டு தள்ளிப்போடும் வழக்கம் நம் ஆசிரியர் அறைகளில் மிகுதி. அம்மருத்துவர் முதலில் கையிலெடுக்கும் நீண்ட காம்புடைய சிறு கண்ணாடியை, நுழைக்குமுன் அவர் சூடேற்றுவதைக் காணலாம். 1854இல் ஆறு பிராங்குக்கு வாங்கிய கண்ணாடிக்கும் அதற்கும் வேறுபாடு மிகக் குறைவே.